பிளஸ் டூ: நாலு தடவை வாசித்தும் ஹாலில் ஏன் வருவதில்லை? அரையாண்டுக்குப் பத்து வாரம்

கிணற்றடி (தொடக்கப் பதிவு)

மாநிலப் பாடத்திட்டம், உயிரியல்-கணிதப் பிரிவு. காலாண்டில் வேதியியல் 70க்கு 33, கணிதம் 90க்கு 42. மொழிப்பாடங்கள் இரண்டும் பரவாயில்லை. பெண் தினமும் நாலு மணி நேரம் உட்காருகிறாள். பாடத்தை மூன்று நாலு தடவை வாசிக்கிறாள், முக்கிய வரிகளில் மஞ்சள் பேனா அடிக்கிறாள். கேட்டால் "எல்லாம் தெரியும்ப்பா, ஹாலில் வரமாட்டேங்குது" என்கிறாள். இப்போது "எனக்குக் கெமிஸ்ட்ரியே வராது" என்ற பேச்சும் சேர்ந்துவிட்டது. நேரத்தைக் கூட்டுவதா, முறையை மாற்றுவதா? "கடினமாக உழைத்தால் வெற்றி" ரகம் வேண்டாம். நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

கரும்பலகை

நேரத்தைக் கூட்ட வேண்டாம் ஐயா. நாலு மணி நேரமே தாராளம்.

வாசிக்கும்போது விடை கண் முன்னால் இருக்கிறது. நாலாவது தடவை வாசிக்கையில் வரிகள் பழகிய முகம் மாதிரி தெரியும். அந்தப் பழக்கத்தைத்தான் "தெரியும்" என்று பெண் நினைக்கிறாள். ஹாலில் முகம் இல்லை, பெயரை மட்டும் சொல்லி ஆளை வரையச் சொல்கிறார்கள். வெளியே எடுத்துப் பழகாத ஒன்றை அங்கே திடீரென்று எடுக்க முடியாது.

நம்மிடம் இதற்குப் பழைய சொல்லே உண்டு: ஒப்பித்தல். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை பையன்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டது இதைத்தான். பொருள் தெரியாமல் ஒப்பித்ததால் அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது, செயலில் கோளாறு இல்லை. புரிந்துகொண்டு ஒப்பித்தால் போதும்.

நாளைக்குச் செய்ய வேண்டியது இது. ஒரு பாடப்பகுதியை, அதிகம் போனால் மூன்று நாலு பக்கம், ஒரு தடவை நிதானமாக வாசிக்கட்டும். புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதட்டும். பத்து நிமிடம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் தாளில் சேர்க்கட்டும். மறுநாள் அதே பகுதி, மறுபடி வெற்றுத்தாள், ஆனால் இந்தத் தடவை வாசிக்காமல். சிவப்பு குறைந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

முதல் மூன்று நாள் பாதி தாள் காலியாகத்தான் இருக்கும். "இந்த முறை எனக்கு ஒத்துவரலை" என்று பிள்ளைகள் கைவிடுவது அங்கேதான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மைக்கூடு

கரும்பலகை சார் சொல்வதற்கு அளந்து பார்த்த கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த சோதனை. ஒரு உரைப்பகுதியை ஒரு குழு நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தடவை படித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முன்னவர்கள் 40, பின்னவர்கள் 61.

பரீட்சைக்கு ஐந்து நிமிடம் முன்னால் படிப்பதாக இருந்தால் மஞ்சள் பேனாவே போதும். அரையாண்டு பத்து வாரம் தள்ளி இருக்கிறது!

2013இல் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து தரம் பிரித்தார்கள். மேல்தட்டில் இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. அடிக்கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில்.

வெண்கலப்பூட்டு

எல்லாம் சரி. வெற்றுத்தாளில் எழுதிக்கொண்டே இருந்தால் ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் ஓடிவிடும். வேதியியலில் மட்டும் 15 அலகு. இயற்பியல், உயிரியல், கணக்கு எப்போது? கல்லூரி உளவியல் சோதனையும் நம் பப்ளிக் எக்ஸாமும் ஒன்றல்ல.

கரும்பலகை

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் முழு வாக்கியத்தில் எழுதினால் நீங்கள் சொல்வது நடக்கும். வெற்றுத்தாளில் தலைச்சொற்கள், படங்கள், சமன்பாடுகள் மட்டும் போதும். உதாரணத்துக்கு உலோகவியல்: தாதுவை அடர்ப்பித்தல் முறைகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எந்தத் தாது, ஒரு காரணம். அவ்வளவே. முழு விடை எழுதிப் பார்ப்பது வாரம் இரண்டு நாள், ஐந்து மார்க் கேள்விகளுக்கு மட்டும்.

நாலு தடவை வாசிப்பதில் போகிற நேரத்தில் மூன்று தடவை வாசிப்பை வெட்டிவிடுகிறோம் என்பதையும் கணக்கில் சேருங்கள். புது வேலை கூடவில்லை, பழைய வேலை இடம் மாறுகிறது.

மைக்கூடு

சின்னச் சின்ன தகவல்களுக்கு வெற்றுத்தாள் வீண், அட்டை போதும். ஏ4 தாளை மூன்று தடவை மடித்துக் கிழித்தால் எட்டுத் துண்டு. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. மூன்று டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரம் ஒரு தடவை. சரியாகச் சொன்னால் அடுத்த டப்பாவுக்கு ஏறும். தப்பினால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்கு இறங்கும். ஜெர்மன்காரர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உற்சாகமாக 150 அட்டை எழுதுவார்கள், புதன்கிழமை டப்பாவைப் பார்த்தாலே பயம் வரும். நாளைக்குப் புதிதாகப் 10, அதற்கு மேல் கூடாது. அடுத்தது, மூன்றாவது டப்பா வீங்கிவிடும். நாளைக்கு 10 என்றால் மூன்று வாரத்தில் தினமும் பார்க்க வேண்டியது 50 அட்டையை நெருங்கும். அட்டைக்கு 20 விநாடி வைத்தால் 17 நிமிடம், அதுவரை தாங்கும். அதைத் தாண்டவிடாதீர்கள். மூன்றாவது டப்பாவில் தொடர்ந்து மூன்று வாரம் சரியாகச் சொன்ன அட்டையை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைத்துவிட்டு, திருப்புதல் தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை எடுத்தால் போதும்.

அப்புறம், "ஆல்டால் குறுக்கம் பற்றி எழுதுக" என்று அட்டையில் எழுதக்கூடாது. அது அட்டைக்கான கேள்வி இல்லை. ஹாலில் குழப்புவது ஆல்டால், கானிசரோ என்ற இரண்டு வினைகளும் ஒன்றோடொன்று மாறிப்போவதுதான். ஆகவே அட்டை இப்படி: "பென்சால்டிஹைடு ஆல்டால் தராது. ஏன்? பிறகு எது தரும்?" பின்பக்கம்: "ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை. அடர் சோடியம் ஹைட்ராக்சைடுடன் கானிசரோ." இந்த ஒரே அட்டையில் இரண்டு வினையின் எல்லைக்கோடும் வந்துவிடுகிறது.

கடைசிபெஞ்ச்

அண்ணா, நெட்ல ரெடிமேட் ஃபிளாஷ் கார்டு நிறைய கிடைக்குது. அதை போன்ல போட்டு பாத்தா ஆகாதா?

மைக்கூடு

ஆகும் தம்பி, ஆனால் பாதிப் பலன்தான். எதை அட்டையில் போடுவது என்று நீயே தீர்மானிக்கும்போதே பாதி பாடம் ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு, அட்டையைப் பார்க்க போனை எடுத்தால் அட்டையோடு திரும்பி வருகிற ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம்வாய்ப்பாடு

கணக்குப் பக்கம் யாரும் வரவில்லையே. கணக்கில் அட்டை முறை கொஞ்சம்தான் உதவும், சூத்திரங்களோடு சரி. 42 எடுத்த விடைத்தாளை முதலில் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். 48 மார்க் எங்கே போனது என்று ஒவ்வொரு கேள்வியாக நாலு வகையில் பிரியுங்கள்: முறையே தெரியவில்லை, முறை தெரியும் ஆனால் எதைப் போடுவது என்று தெரியவில்லை, வழியில் கைப்பிழை, நேரம் போதவில்லை. பிரிக்காமல் "இன்னும் நிறைய கணக்குப் போடு" என்பது காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை தருகிற வேலை.

கைப்பிழைக்குத் தனி நோட்டு. ஒரு வரி போதும். "சேர்ப்பு அணியில் இணைக்காரணி வரை சரி, நிரையை நிரலாக மாற்றவில்லை." "இணைக்காரணியில் கழித்தல் குறி விட்டுப்போச்சு." இரண்டு வாரத்தில் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு நாலைந்து பிழைதான் திரும்பத் திரும்ப வரும். அந்த நாலைந்தைச் சின்னத் தாளில் எழுதி, ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் அதை மட்டும் சரிபார்க்கப் பழக்குங்கள். "ஒரு தடவை செக் பண்ணு" என்றால் பிள்ளை விடையை ரசித்துவிட்டு மூடிவைக்கும், எதைப் பார்ப்பது என்று சொன்னால்தான் பார்க்கும்.

இரண்டாவது வகைதான் பெரிய ஓட்டை. புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே முறை. வகைக்கெழுச் சமன்பாடுகளில் மாறிகள் பிரிக்கும் பயிற்சியில் எல்லாமே பிரியும், சமபடித்தான பயிற்சியில் எல்லாமே சமபடித்தானவை, நேரியலும் அப்படியே. தலைப்பே விடையில் பாதியைச் சொல்லிவிடுகிறது. ஹாலில் தலைப்பு இல்லை. அதனால் ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் ஐந்து கணக்கை வரிசையாகப் போட்டுவிட்டு மீதியைத் தொடாமல் வைக்கவும். ஞாயிற்றுக்கிழமை, மிச்சம் வைத்ததிலிருந்து நாலு இயலைக் கலந்து பத்துக் கணக்கைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். அதில் ஐந்தை முழுக்கப் போட வேண்டாம். "இது எந்த முறை, முதல் வரி என்ன" என்று எழுதினாலே போதும். அந்த ஐந்தும் பத்து நிமிடத்தில் முடியும், அள்ளித் தரும்.

இன்னொன்று. கைடில் தீர்வைப் பார்த்து "ஓ, புரிஞ்சிடுச்சு" என்பது கணக்குப் போட்டதில் சேராது. பார்த்தால் மூடிவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலை செய்து, மறுபடி வெறுந்தாளில் போட்டால்தான் சேரும்.

விடைத்தாள்கட்டு

மார்க் கணக்கைச் சொல்கிறேன், திட்டத்துக்கு உதவும்.

கணிதம் 90: ஒரு மார்க் 20, இரண்டு மார்க் பத்தில் ஏழு, மூன்று மார்க் பத்தில் ஏழு, ஐந்து மார்க் ஏழு. வேதியியல் 70: ஒரு மார்க் 15, இரண்டு மார்க் ஒன்பதில் ஆறு, மூன்று மார்க் ஒன்பதில் ஆறு, ஐந்து மார்க் ஐந்து. ஐந்து மார்க்கில் ஒவ்வொன்றுக்கும் "அல்லது" உண்டு. இரண்டு, மூன்று மார்க் பகுதிகளில் தலா ஒரு கேள்வி கட்டாயம். "இந்த இயலை விட்டுடலாம்" என்கிற டியூஷன் யோசனை அந்தக் கட்டாயக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறது.

மூன்று மணி நேரம் 180 நிமிடம். கணிதத்தில் மார்க்குக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால்: ஐந்து மார்க் ஏழுக்கு 70, மூன்று மார்க்குக்கு 42, இரண்டு மார்க்குக்கு 28. ஒரு மார்க் இருபதுக்கு ஒவ்வொரு நிமிடமாக 20. மொத்தம் 160. மீதி 20 நிமிடம் பிழைத் தாளில் எழுதிய அந்த நாலைந்து இடங்களைப் பார்க்க. வீட்டில் ஐந்து மார்க் கணக்கைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் அது "தெரியும்" கணக்கில் வராது.

எழுத ஆரம்பிக்குமுன் வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதில் முதல் பக்கத்து ஒரு மார்க்கை மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து மார்க்கில் அ-வா ஆ-வா என்று அங்கேயே முடிவெடுத்துவிட வேண்டும். பாதி எழுதி அடித்துவிட்டு மற்றதற்குத் தாவுவதில்தான் நேரம் கரைகிறது.

ஒரு மார்க்குக்கு விருப்பக் குறியீடு, விடை இரண்டையும் எழுத வேண்டும். ஒன்று சரி ஒன்று தப்பு என்றால் மார்க் கிடையாது.

கிணற்றடி

எல்லோருக்கும் நன்றி. காலாண்டு விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தோம். கணிதத்தில் போன 48இல் 17 கைப்பிழை, 14 "எந்த முறை என்று தெரியவில்லை", 9 நேரம், 8 மட்டும் உண்மையிலேயே தெரியாதது. இரண்டு கேள்வி மிச்சம். தினமும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பது எப்படி? ஒரு வாரம் போகிறது, பிறகு தளர்கிறது. 21 நாள் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? இன்னொன்று அந்த "எனக்கு வராது" பேச்சு. அதை என்ன செய்வது?

மைக்கூடு

8 மார்க்தான் தெரியாதது! இந்த எண்ணைப் பெண்ணிடம் சொன்னீர்களா? "வராது" பேச்சுக்கு முதல் மருந்து அதுதான். பிறகு வருகிறேன்.

21 நாள் என்பது காற்றில் வந்த எண். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து எழுதியது 2010இல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக நடுவாக 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18இலிருந்து 254 வரை. 21ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் பெண்ணிடம் கோளாறு இல்லை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, "தொடர்ச்சி அறுந்துபோச்சு, அடுத்த திங்கள்கிழமை ஆரம்பிக்கலாம்" என்கிறார்களே, அந்தத் திங்கள்கிழமைதான் கெடுக்கிறது.

கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள். "ஆறரைக்குப் படிப்பேன்" என்பதைவிட "டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் அட்டை டப்பாவைத் திறப்பேன்" என்பது பிடித்து நிற்கும். கரன்ட் போனாலும் பஸ் தாமதமானாலும் டம்ளர் கழுவுவது நடக்கும் அல்லவா. முதல் வேலை சின்னதாக, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். முந்தின இரவே மேசையில் ஒரு தாள், அதில் நாளைக்குப் போடப்போகும் முதல் கணக்கு எழுதப்பட்டு, பேனா மேலே. "எங்கே ஆரம்பிப்பது" என்று தேடுவதிலேயே இருபது நிமிடம் போகும் வீடுகள் அதிகம்.

ஏழாம்வாய்ப்பாடு

இடைவேளை பற்றி ஒரு வார்த்தை. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற தக்காளிக் கடிகார முறை அட்டைக்கும் வாசிப்புக்கும் சரி. கணக்குக்குக் குறைவு. இரண்டு ஐந்து மார்க் கணக்கு, பிழை பார்ப்பது, நோட்டில் ஒரு வரி எழுதுவது எல்லாம் சேர்த்தால் 35-40 நிமிடம் ஆகும். பள்ளிப் பீரியடும் கிட்டத்தட்ட அதுதானே, பிள்ளைகள் அந்த அளவுக்குப் பழகியவர்கள். ஓய்வு ஐந்து நிமிடத்தில் போன் கூடாது. மொட்டை மாடி, தண்ணீர், செடி, எதுவானாலும்.

வெண்கலப்பூட்டு

காலையில் நாலு மணிக்கு எழுப்பிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவுமே இல்லையே. மனசு தெளிவாக இருக்கும், வீடும் அமைதி. காலங்காலமாகச் சொல்வது.

கரும்பலகை

ஒன்பது மணிக்குத் தூங்கியிருந்தால் நாலு மணி நல்ல நேரம்தான் சார், மறுப்பில்லை. பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலுக்கு எழுப்புவதுதான் நடக்கிறது. அது நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. அன்றைக்குப் படித்தது மூளையில் தங்குவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த மணிக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறட்டும், தூக்கத்தின் மொத்தத்தில் கை வைக்காதீர்கள். பப்ளிக் எக்ஸாம் காலை பத்தேகாலுக்குத் தொடங்கி ஒன்றேகால் வரை. அந்த நேரத்தில் மூளை விழித்திருக்க வேண்டும். ஆகவே ஞாயிறு மாதிரித் தேர்வை அதே நேரத்தில் வையுங்கள்.

மைக்கூடு

இனி "வராது" பேச்சு.

இதற்குச் சுவரில் வாசகம் ஒட்டுவது, "உன்னால் முடியும்" என்று தினமும் சொல்வது எல்லாம் பரவலாக நடக்கிறது. "அறிவு வளரக்கூடியது" என்ற மனப்பான்மையைக் கற்பிக்கும் முயற்சியை அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம். பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண் நாலுக்கு 0.1 புள்ளி ஏறியது. செலவைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் பேச்சால் மட்டும் ஆகக்கூடியது அவ்வளவுதான் என்றும் தெரிகிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதியது எனக்கு இன்னும் உறுதியாகப் படுகிறது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு முதல் ஊற்று, தானே செய்து முடித்த காரியம். மற்றவர் சொல்லும் ஊக்கம் அதற்குப் பிறகுதான். ஆகவே பெண்ணிடம் வாதம் செய்ய வேண்டாம், சாட்சியைக் காட்டுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி: தேதி, பாடப்பகுதி, பத்துக்கு எத்தனை. தினமும் பத்து மார்க் ஸ்லிப் டெஸ்ட், அவளே வைத்து அவளே திருத்துவது. கேள்விகளில் ஏழு நேற்று வரை படித்ததிலிருந்து, மூன்று இரண்டு வாரம் பழையதிலிருந்து. நாலு, நாலு, ஆறு, ஐந்து, ஏழு என்று அவள் கையெழுத்திலேயே ஏறுவதைப் பார்க்கிறவளிடம் "வராது" என்ற சொல் ரொம்ப நாள் தங்காது.

கேள்விகள் மிகக் கடினமாக இருந்து தொடர்ந்து மூன்று நாள் நாலுக்குக் கீழே வந்தால், அன்றைக்குப் பகுதியைப் பாதியாகக் குறையுங்கள். தினமும் பத்துக்குப் பத்து வந்தாலும் ஆபத்துதான், தெரிந்ததையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறிலிருந்து எட்டுக்குள் ஆடுவது நல்லது.

விடைத்தாள்கட்டு

அந்த நோட்டை அப்பா அம்மா தினமும் புரட்டக்கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். புரட்டினால் இரண்டாவது வாரமே எண்கள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவை, அவளே காட்டினால் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி "ஏன் ஐந்து?" இல்லை, "இந்த ஐந்தில் எது கைப்பிழை?"

கடைசிபெஞ்ச்

குரூப் ஸ்டடி பத்தி யாரும் சொல்லலையே. நாங்க நாலு பேர் சேந்து படிக்கிறோம். ஒருத்தன் வாசிப்பான், மத்தவங்க கேப்போம்.

கரும்பலகை

அதில் வாசிக்கிறவனுக்கு மட்டும் வாய் வலிக்கும் தம்பி. மாற்றிப் பாருங்கள். நாலு பேரும் வீட்டில் படித்துவிட்டு, ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள். ஒருவன் புத்தகம் இல்லாமல் பலகையில் விளக்கட்டும், மற்ற மூன்று பேர் புத்தகத்தைத் திறந்து வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். "முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய அரை வாழ்காலத்தைப்போல் பத்து மடங்கு ஏன் ஆகிறது?" என்று கேட்டால், சூத்திரத்தை மனப்பாடம் செய்தவனும் புரிந்தவனும் இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடுவார்கள். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அதற்குப் பிறகு கிரிக்கெட் வந்துவிடும்.

கிணற்றடி

இன்றிலிருந்து திட்டம் இது. டம்ளர் கழுவியதும் அட்டை 20 நிமிடம், நேற்றைய பகுதிக்கு வெற்றுத்தாள் 10, கணக்கு 40, பத்து நிமிட ஓய்வு, புதுப் பாடம் 40, ஸ்லிப் டெஸ்ட் 15. மொத்தம் இரண்டேகால் மணி நேரம். இரவு பத்துக்குப் படுக்கை. மிச்சம் ஒன்றேமுக்கால் மணி நேரம் கையில் நிற்கிறதே, அதில் இன்னொரு பாடம் சேர்க்கலாமா?

ஏழாம்வாய்ப்பாடு

முதல் இரண்டு வாரம் சேர்க்காதீர்கள். புது முறையில் இரண்டேகால் மணி நேரமே பழைய நாலு மணியைவிட அசத்திவிடும். மூன்றாவது வாரம் உயிரியல் படங்களுக்கு அரை மணி கொடுங்கள்: பார்த்து வரைவது ஒரு தடவை, பாராமல் வரைந்து பாகம் குறிப்பது இரண்டு தடவை. மீதி நேரத்தை அவளிடமே விட்டுவிடுங்கள்.